சிலோனில் ரெண்டு கிழமை

அக்காவின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணுக்குத் தாய்மாமன் யார், முன்னால் வரச் சொல்லுங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அம்மாவின் சித்தப்பா மகன், பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருப்பவர், வழக்கம்போல எழுந்தார். அக்காவுக்குக் காது குத்தும்போது அவர் மடிதான். அக்கா சமைந்தபோது குச்சில் குடிசை கட்ட ஓலை கொண்டுவந்ததும் அவர்தான். அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி சோலை மாமா, அக்கா தொட்டிலில் கிடந்தபோது கப்பல் ஏறிப் போனவர். கண்டியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் வடை, பூந்தி போடும் சரக்கு மாஸ்டர். வருஷா வருஷம் "வாரேன்" என்று எழுதுவார். வரமாட்டார்.

வந்தவர்கள் போன பிறகு காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "கல்யாணத்துக்கும் பரவை மாமாதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாருன்னா நான் மணவறைக்கு வரல. மூணு தடவ பொறுத்தாச்சு." சத்தம் போடவில்லை. தேய்த்த டம்ளரையே திரும்பத் தேய்த்தாள், அவ்வளவுதான். நானே போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான். தோன்றியதும் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

பி.எஸ்ஸி. முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, காளவாசல் டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தக் கடை ரேடியோவின் முள் காலையிலிருந்து சிலோனில்தான் நிற்கும். மெட்ராஸ் கரகரக்கும். சிலோனில் ஒருவர் தொண்டையைச் செருமுவதுகூடப் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும். இம்புட்டுப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு ஒரு பையும் டிக்கெட்டும் போதாதா என்று நினைத்தேன். என்னைப் போல நினைக்கிறவர்கள் மதுரையில் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் வேண்டும் என்பது தெரியும். பாஸ்போர்ட்டுக்கு முன்னால் போலீஸ் வரும் என்பது தெரியாது. ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து, நேரே வீட்டுக்கு வராமல், டீக்கடையில் இறங்கி என் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று விசாரித்திருக்கிறார். அவர் எங்கள் வாசலுக்கு வந்து சேருவதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. எதிர் வீட்டு அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கொழுந்தன் வக்கீல் குமாஸ்தா, கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார். ஏட்டு மோர் குடித்துவிட்டு, என்னத்துக்கு சிலோன் என்று கேட்டார். மாமாவைக் கூட்டி வர என்றேன். மாமனைக் கூட்டிவர மருமகன் பாஸ்போர்ட் எடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தபடி சைக்கிள் ஏறினார். போகிறவர்கள் முதலில் தெருவுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்தது ஊசி. அம்மைப்பால் ஒரு கையில், காலரா ஊசி மறு கையில். ரெண்டு கையும் பணியாரம் மாதிரி வீங்கி, நாலு நாள் சட்டை மாட்ட அக்கா வந்து உதவ வேண்டியிருந்தது. ஊசி போட்ட அன்றே கிளம்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊசிக்குச் சாட்சியாகத் தருகிற மஞ்சள் அட்டை சில நாள் கழித்துத்தான் செல்லும். அதில் முத்திரை இருக்கிறதா என்று குத்திய இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை வாங்க மறந்து வந்த ஒரு பெரியவரை, குடும்பத்தோடு, ராமேஸ்வரத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர் மனைவி கப்பலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

விசாவுக்கு மெட்ராஸுக்கு ஒரு நடை. சிலோனில் நம்மை வைத்துச் சோறு போட ஆள் உண்டு என்று காட்ட வேண்டும். மாமாவின் முதலாளி எழுதிக் கொடுத்தார். பணம் கொண்டுபோக விடுகிற அளவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருமங்கலம் போய் வரத்தான் காணும். இத்தனையும் கைக்கு வந்து சேர்ந்தபோது ஆடி முடிந்துவிட்டது. கல்யாணமோ ஆவணியில் முதல் முகூர்த்தம்.

கிளம்பும்போது அம்மா ஒரு பெரிய பொட்டலம் மிளகாய் வத்தல் கொடுத்தார். சிலோனில் மிளகாய்க்குப் பெரிய தட்டுப்பாடாம். "எந்தம்பி காரமில்லாம வடை சுடுறானாம்" என்று அதை ஒரு சாவு செய்தி மாதிரி சொன்னார்.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாந்தி எடுக்காமல் வந்தேன் என்பதே பெருமை. தலைமன்னாரில் இறங்கியதும் சுங்க அதிகாரி என் பையைத் தொடாமலே மரியாதையாகக் கேட்டார்: "செத்தல் ஏதும் கொண்டு வந்தனீங்களோ, தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்ததை எவனாவது கடல் தாண்டிக் கொண்டுவருவானா? ஒருவேளை அஸ்தியைக் கேட்கிறாரோ என்று நினைத்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எங்க வீட்ல யாரும் சாகல சார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையைத் திறந்தார். பொட்டலத்தைக் கத்தியால் கீறினார். இது என்ன என்றார். வத்தல் என்றேன். "இதைத்தான் நாங்கள் செத்தல் எண்டு சொல்லுறது." வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அளவுக்கு மேல் இருந்ததை எடுத்துக்கொண்டு, கிழிந்த பொட்டலத்தைப் பைக்குள் திணித்து அனுப்பினார். தமிழ்தானே, பேசிச் சமாளிக்கலாம் என்று போகிறவர்கள் கவனிக்க.

கிழிந்த பொட்டலம் ரயிலில் வேலையைக் காட்டியது. பையைத் தலைக்கு மேல் வைத்திருந்தேன். வண்டி குலுங்கக் குலுங்கத் தூள் உதிர்ந்து, என் கண்ணிரண்டும் ஆறாக ஓடியது. பெட்டி முழுக்கத் தும்மல். எதிரே இரண்டு சிங்களப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துப் புகையிலை வியாபாரி எனக்கு அதைச் சொன்னார். மூத்தவள், "பாவம், தாயில்லாப் பிள்ளை போல, எப்படி அழுகிறது பார்" என்றாளாம். இளையவள், "அழுகை இல்லை அக்கா, மிளகாய். ஒரு பிடி தருமா என்று கேள்" என்றாளாம்.

கொடுத்தேன். மூத்த அம்மாள் அதைப் பவுன் மாதிரி முந்தானையில் முடிந்துகொண்டார். பரவை மார்க்கெட்டில் மிதிபட்டுக் கிடக்கிற சாமான் அது. பதிலுக்குப் பாணும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார்கள். பாண் என்றால் ரொட்டிதான், நம் ஊரில் காய்ச்சல் வந்தால் சாப்பிடுவது. அங்கே காய்ச்சல் இல்லாமலே சாப்பிடுகிறார்கள். ரயில் மாற வேண்டிய இடத்தில் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். தோளைத் தட்டி இறக்கிவிட்டதும் அதே இளையவள்தான்.

கண்டியில் இறங்கியதும் குளிர். மதுரையில் இந்த மாதத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். இங்கே மத்தியானத்தில் ஆட்கள் கம்பளிச் சட்டை போட்டு நடக்கிறார்கள். விடாமல் தூறல். குடை இல்லாமல் போகாதீர்கள். கடைக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டிக்கு முன் ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். தலை பாதி நரை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சல்லிக்கரண்டியைக் கீழே வைக்காமலே, "அக்கா நெத்தி" என்றார். அவருக்கு அக்கா என்றால் என் அம்மா. அவர்தான் சோலை மாமா.

இடியப்பமும், மஞ்சளாகத் தேங்காய்ப்பாலில் ஒரு குழம்பும் வைத்தார்கள். மோர்க்குழம்பு என்று நினைத்துக் குடித்தேன். சொதியாம். தேத்தண்ணி தனி, கருப்பட்டித் துண்டு தனி, அதைக் கடித்து இதைக் குடிக்க வேண்டும். வடையில் நிஜமாகவே காரம் இல்லை. மாமா என் பையிலிருந்த மிச்ச வத்தலை அடுத்த ஈட்டு மாவில் கிள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை தூக்கி அடுப்படியைப் பார்த்தார்கள்.

அடுப்பு தணிந்த பிறகு கல்யாண விஷயத்தைச் சொன்னேன். "வாரேன் மாப்ள" என்றார். அதே வார்த்தை. இதைக் கேட்கவா கடல் தாண்டினேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எப்போது, எந்தக் கப்பலில் என்று கேட்டேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். காலாவதியாகிப் பல வருஷம்.

நான் கண்ட அதிர்ச்சிகளில் அதுவரை பெரியது இதுதான். கப்பலுக்குப் பயமோ, வேலை மும்முரமோ, வேறு குடும்பமோ என்று எங்கள் வீட்டில் என்னென்னவோ பேசியிருக்கிறோம். காகிதம் இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புதுப்பிச்சாப் போகலாம் மாப்ள. போனா, திரும்பி இங்க விடுவாங்களான்னு தெரியாது. இந்த அடுப்ப விட்டா எனக்கு அங்க என்ன இருக்கு? ஒவ்வொரு வருஷமும் எழுதும்போது நெசமாத்தான் எழுதுவேன். தபால்ல போட்டப்புறம் பயம் வந்துரும்."

பத்திரிகையைக் கொடுத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாய்மாமன் என்று போட்டு, கண்டி சோலையப்பன் என்று அச்சடித்திருந்தது. "என்னமோ கண்டி ஜமீன் மாதிரி போட்டிருக்கீங்க" என்றார். எண்ணெய் பட்டுவிடும் என்று அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கடைசியில், நாளைக்கு ஆபீசுக்குப் போவோம் என்று அவராகவே சொன்னார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நம் நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற ஆபீசில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டு வடைக்கு நேரமாகிறது என்று ஓடினார். பதில் மத்தியானம்தான் என்றார்கள். பசிக்குப் பக்கத்துக் கடையில் சோறு கேட்டேன். இன்று சோறு விற்கக் கூடாத நாள் என்றார்கள். சோற்றுக்கு விடுமுறை விட்ட தேசத்தில் நிற்கிறேனே என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பாண் தின்றேன்.

மத்தியானம் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சிலோன்காரர், யாழ்ப்பாணத்துப் பேச்சு, தங்கமான மனிதர். "அவசரமோ தம்பி? அவசரமெண்டால் காரணத்தை எழுதித் தாங்கோ, நான் தனியா அனுப்பிவிடுறன். இல்லையெண்டால் ரெண்டு கிழமை செல்லும்" என்றார்.

எங்கள் ஊரில் கிழமை என்றால் நாள். திங்கள் ஒரு கிழமை, செவ்வாய் ஒரு கிழமை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதன், வியாழன், ரெண்டு கிழமை. வெள்ளிக்கிழமை காகிதம் கையில். கல்யாணம் அதற்கும் அடுத்த வெள்ளி. எனக்கு ஒரு பாஸ்போர்ட் வாங்க மாதக்கணக்கில் ஆனதே, இங்கே ரெண்டே நாளில் புதுப்பித்துக் கொடுக்கிறார்களே என்று ஆச்சரியம் தாங்கவில்லை. பத்திரிகை என் சட்டைப் பையில்தான் இருந்தது. "அவசரம் ஒண்ணுமில்ல சார். ரெண்டு கிழமைன்னா தாராளம்" என்றேன். இந்த வயதில் இம்புட்டுப் பொறுமையா என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைக்கு ஓடிப்போய் மாமாவிடம், "ரெண்டு நாள்ல கையில கெடச்சிரும் மாமா" என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சத்தியம் செய்தேன். அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. முதலாளி கோபப்பட்டார், பிறகு கண் கலங்கினார், பிறகு புதன்கிழமை காலையிலேயே ஒரு புது ஆளை அடுப்படியில் நிறுத்தினார். தொழில் அப்படி. மாமா தன் சல்லிக்கரண்டியை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார். ரெண்டு நாளும் அவர் எனக்கு ஏரியையும் யானைகளையும் காட்டினார். அவரே அத்தனை வருஷத்தில் அவற்றை நின்று பார்த்ததில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை, தகரப் பெட்டியோடு போய் ஜன்னலில் நின்றோம். குமாஸ்தா என்னைப் பார்த்து, என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார். காகிதம் வாங்க வந்தோம் என்றேன். "ரெண்டு கிழமை எண்டு சொன்னனான் அல்லோ?" ஆமாம் சார், புதன், வியாழன், ரெண்டு கிழமை முடிஞ்சது என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "மாப்ள" என்று என் தோளைத் தொட்டார். "அவரு அன்னைக்கு என்ன வார்த்தை சொன்னாரு? அதே வார்த்தையச் சொல்லு."

"ரெண்டு கிழமைன்னாரு."

பெட்டியைக் கீழே வைத்தார். "இங்க கிழமைன்னா வாரம்."

அப்படியென்றால் வாரத்தை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டேன், பைத்தியக்காரன் மாதிரி. பத்திரிகையை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டினேன். குமாஸ்தா முகூர்த்தத் தேதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை அண்டைக்கே காட்டியிருக்கலாமே தம்பி." மாமாவின் விண்ணப்பம் மற்றவற்றோடு கொழும்புக்குப் போய்விட்டது. அவசரம் என்று இப்போது ஒரு குறிப்பு எழுதி அனுப்புவதாகச் சொன்னார், எங்கள் கண் முன்னாலேயே எழுதினார். "வரும். கலியாணத்துக்கு முந்தி வரும் எண்டு மட்டும் சொல்ல ஏலாது."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். "பி.எஸ்ஸி.ல என்ன எடுத்துப் படிச்ச மாப்ள?" என்று கேட்டார். கணக்கு என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

புது ஆள் அடுப்பில் நின்றுவிட்டதால் மாமாவுக்கு இனி அங்கே வேலையில்லை. சாமான் அறையில் படுத்துக்கொள்ள மட்டும் முதலாளி இடம் கொடுத்தார். நான் இருந்து என்ன செய்ய? ஊரில் சொல்ல ஆள் வேண்டும். ஸ்டேஷனில் மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "நான் வாரேன்னு சொன்னேன்னு சொல்லாத. அந்த வார்த்த தேஞ்சு போச்சு. அடுப்ப விட்டுட்டேன், பெட்டியக் கட்டிட்டேன், காகிதம் வந்தாக் கப்பல். அதை மட்டும் சொல்லு. எனக்காக யாரையும் காக்க வைக்க வேண்டாம்." ராமேஸ்வரத்தில் சுங்கத்தார் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா, பத்திரிகை கொடுத்தாச்சு, குறித்த நாளில்தான் கல்யாணம், இனிப் பேச்சே இல்லை என்றார். பந்தல் வேலைக்கு வந்திருந்த பரவை மாமாதான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "மச்சான், இந்தத் தடவை என்னைய விட்ருங்க. சொந்த மாமன் பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்கான். அவன் இருக்கும்போது நான் எப்படிப் பிள்ளை கையப் பிடிப்பேன்?" என்றார். ஆவணிக் கடைசியில் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது, அதற்கு மாற்றலாம் என்பது அவர் யோசனை.

மாற்றலாம். யார் போய்க் கேட்பது? மாப்பிள்ளை வீடு டி. கல்லுப்பட்டி. மாப்பிள்ளையின் அப்பா கதர் வேட்டி வாத்தியார். நிச்சயத்துக்கு நாங்கள் கொஞ்சம் தாமதித்ததற்கே கடிகாரத்தைப் பார்த்தவர். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன்னால் ஆகாது என்றார்.

அக்கா என்னிடம், "நெசமாவே அடுப்ப விட்டுட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப நானே போய்க் கேக்குறேன்."

இந்தப் பயணத்தில் நான் பார்த்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. தாலி ஏறாத பெண், மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பதா? ஊர் சிரிக்கும், சம்பந்தமே முறிந்துபோகும் என்று அம்மா அழுதார். அக்கா அசையவில்லை. "இந்தா இருக்கிற கல்லுப்பட்டிக்கு ஊசி போடணுமா, போலீஸ் வரணுமா? பஸ்ல ஏறினாப் போச்சு" என்றாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். அப்புறம், பரவை மாமாவும் கூடப் போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போகிறோம். நடந்ததற்கு நான் சாட்சியாம். ஆனால் வாய் திறக்கக் கூடாதாம். அக்கா சேலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் அப்பாவைப் போய் என்னவென்று கூப்பிடுவாய், சார் என்றா என்று இப்போதுதான் கேட்டேன்.

"சார்னு கூப்பிட்டா வாத்தியாராத்தான் பதில் சொல்லுவாரு" என்றாள். "மாமான்னே கூப்பிடப் போறேன்."